அக்கா மகளைச் சட்டப்படி நம் பொறுப்பில் எடுக்க முடியுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. அக்கா தவறி 14 மாதம் ஆகிறது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்தே மகள் பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். இப்போது 7 வயது, இரண்டாம் வகுப்பு. அத்தானுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஆறு மாதம் முன்பு மறுமணம் ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார், பணம் எப்போதாவது அனுப்புகிறார். பள்ளியில் கார்டியன் லெட்டர் கேட்கிறார்கள், பேங்கில் குழந்தை பெயரில் கணக்குத் தொடங்க மாட்டேன் என்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் வேறு. அக்கா மகளைச் சட்டப்படி உங்கள் பொறுப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற வேகத்தில் நடக்காது, நினைக்கிற வழியிலும் நடக்காது. நான் தென் மாவட்டம் ஒன்றில் இருபது வருடமாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிற வக்கீல். இந்த மாதிரி மனுக்களில் சித்திக்காகவும் நின்றிருக்கிறேன், அப்பாவுக்காகவும் நின்றிருக்கிறேன். அதனால் உங்களுக்குப் பிடிக்காத சில விஷயங்களும் கீழே வரும்.

முதலில் ஒரு கசப்பு மாத்திரை. நம் பேச்சில் அக்கா மகள் உங்களுக்கும் மகள்தான். சட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. 1956-ம் வருட இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டம் இயற்கைக் காப்பாளர் என்று சொல்வது அப்பாவையும் அம்மாவையும் மட்டுமே. சித்தி, பெரியம்மா, அத்தை, தாய்மாமன், தாத்தா, பாட்டி யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமனுக்கு உரிமை உண்டு, அதே குழந்தையின் பேங்க் ஃபாரத்தில் கையெழுத்துப் போட உரிமை கிடையாது. எத்தனை வருடம் வளர்த்திருந்தாலும் கோர்ட் உத்தரவு வருகிற வரைக்கும் நீங்கள் வெறும் ‘பார்த்துக்கொள்கிறவர்’தான்.

அடுத்து, மூன்று வார்த்தைகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இவற்றைக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். கஸ்டடி என்றால் குழந்தை யார் வீட்டில் இருப்பது என்பது. கார்டியன், அதாவது பாதுகாவலர் என்றால் குழந்தைக்காகக் கையெழுத்துப் போடவும் முடிவெடுக்கவும் அதிகாரம் உள்ளவர். அதிலும் குழந்தையின் உடலுக்கு, அதாவது ஆளுக்குப் பாதுகாவலர் வேறு, சொத்துக்குப் பாதுகாவலர் வேறு. தத்து என்றால் உறவே மாறிவிடுகிறது, பழைய அப்பா அப்பாவாக இருக்கமாட்டார். உங்களுக்கு வேண்டியது முதல் இரண்டும். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மனு போடுவது 1890-ம் வருடப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ். கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் என்றால் எல்லா வக்கீலுக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் ஓடுகிறது. கோர்ட்டில் இந்த மனுவுக்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று நம்பர் விழும். சித்தியோ மாமாவோ, ஏன், குழந்தையின் நண்பர் என்று சொல்லிக்கொள்கிற ஒருவர்கூட மனு போடலாம். மனு போடுவதில் சிக்கலே இல்லை, சிக்கல் 19-வது பிரிவில் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாத பட்சத்தில், குழந்தையின் ஆளுக்கு வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது என்கிறது அது. உங்கள் அத்தான் உயிரோடு இருக்கிறார், வேலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று முதலில் வாசிப்பது இந்தப் பிரிவாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் கதை முடிந்ததா? இல்லை. அதே 1956-ம் வருடச் சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையின் நலனே முதன்மையானது என்கிறது. இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில்தான் எல்லா வழக்கும் நடக்கிறது. உச்ச நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், குழந்தையைப் பொறுத்து என்பதுதான் நேர்மையான பதில். சித்தியும் மாமாவும் சம்பந்தப்பட்ட நான்கு வழக்குகளைச் சொல்கிறேன். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் வழக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

1992-ல் வந்தது தாய்மாமன் ஜெயித்த வழக்கு. அம்மா இயற்கைக்கு மாறான முறையில் இறந்துபோனார், மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக அப்பா மேல் 498-ஏ வழக்கு நிலுவையில் இருந்தது. பிள்ளைகள் இருவரும் மாமா வீட்டில் இருந்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பிள்ளைகளை நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். மாமாவோடு இருக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னதைக் கேட்டு மாமாவிடமே கொடுத்தார்கள்.

2019 மே மாதம் வந்த தீர்ப்பில் நிலைமை நேர் எதிர். கர்ப்பமாக இருக்கும்போதே அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்பாவும் அந்தச் சமயத்தில் காசநோய் மூளையைத் தாக்கிப் படுக்கையில் கிடந்தார். 2017-ல் பிறந்த பெண் குழந்தையை அம்மாவின் சகோதரிகள்தான் தூக்கி வளர்த்தார்கள். 2018 அக்டோபரில் அம்மா போய்விட்டார். குணமாகி எழுந்த அப்பா குழந்தையைக் கேட்டார், அவர்கள் தரவில்லை. அவர் ஆட்கொணர்வு மனுவோடு பம்பாய் உயர் நீதிமன்றம் போனார், குழந்தை அவர் கைக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தில் அதை உறுதி செய்த அமர்வில் இருந்தவர் நம் ஊர்க்காரரான நீதிபதி ஆர். பானுமதி. சித்திமார்கள் அன்பாக வளர்த்ததை யாரும் மறுக்கவில்லை, வந்து பார்க்க ஏற்பாடும் செய்து கொடுத்தார்கள். ஆனால் அப்பா நல்ல மனிதர், சம்பாதிக்கிறார், குழந்தையைக் கைவிட்டவர் இல்லை, நோய்தான் பிரித்து வைத்தது. அப்புறம் எதற்கு அவரிடமிருந்து பிரிக்க வேண்டும்?

2024 செப்டம்பரில் மறுபடியும் ஒரு சித்திமார் வழக்கு. 2022 டிசம்பரில் அம்மா இயற்கைக்கு மாறான முறையில் இறந்தபோது குழந்தைக்கு 11 மாதம். அம்மாவின் சகோதரிகள் வளர்த்தார்கள். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவிலேயே குழந்தையை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அப்பாவைப் பார்த்தேயிராத இரண்டரை வயதுக் குழந்தையை அசையும் சொத்து மாதிரி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற முடியாது, நிரந்தரமாக யாரிடம் இருப்பது என்பதைப் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் சாட்சியம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது.

நான்காவது, பெற்றோர் இருவரையும் 2021-ல் கொரோனாவுக்குப் பறிகொடுத்த அகமதாபாத் சிறுவன் வழக்கு. ஒரு பக்கம் அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி, இன்னொரு பக்கம் அம்மாவின் சகோதரி. அவருக்கு 46 வயது, மத்திய அரசு வேலை, கூட்டுக் குடும்பம். குஜராத் உயர் நீதிமன்றம் இதையெல்லாம் பார்த்து அவரிடம் கொடுத்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பென்ஷனில் வாழும் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. வருமானமும் வயதும் பெரிய குடும்பமும் மட்டுமே தராசைச் சாய்க்கக் கூடாது என்பது காரணம். எனக்கு இந்தத் தீர்ப்பின் எல்லா வரியிலும் உடன்பாடு இல்லை. பேரனை அப்பா வழித் தாத்தா பாட்டிதான் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று பொதுவாகச் சொல்வது எனக்கு நெருடுகிறது. ஆனால் உங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘எனக்குச் சம்பளம் அதிகம், வீடு பெரிது’ என்று மனுவில் நாலு பக்கம் எழுதுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை.

உங்கள் வழக்கு 1992 மாதிரி இல்லை. அத்தான் மேல் அப்படி எந்தப் புகாரும் நீங்கள் சொல்லவில்லை. 2019-க்கும் 2024-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. மறுமணம் செய்துகொண்டார் என்பதை மட்டும் வைத்து எந்த நீதிபதியும் அவரைத் தகுதியற்றவர் என்று சொல்லமாட்டார், பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அம்மா படுத்த நாளிலிருந்து தொடர்ச்சியாக ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே ஆள். அந்தத் தொடர்ச்சியை நிரூபிப்பதுதான் உங்கள் வழக்கு. அத்தானைக் கெட்டவராக நிரூபிப்பது உங்கள் வழக்கு அல்ல.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனு எழுத உட்காரும்போது பார்ட்டி சொல்ல ஆரம்பிப்பதே ‘அவன் குடிகாரன் சார்’ என்றுதான். குடித்தால் சொல்லுங்கள். இல்லாத குடியையும் இல்லாத அடியையும், அதைவிட மோசமான குற்றச்சாட்டுகளையும் எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒன்று உடைந்தால் போதும், மற்ற உண்மைகளும் கூடவே சந்தேகத்துக்கு ஆளாகும். நாளைக்கு அந்தப் பெண் வளர்ந்து, தன் அப்பாவைப் பற்றிச் சித்தி கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததைப் படிப்பாள் என்பதும் இருக்கிறது.

நீதிபதி பார்க்கும் விஷயங்களை 1890-ம் வருடச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. குழந்தையின் வயது, பெண்ணா ஆணா, மதம், மனுதாரரின் குணமும் தகுதியும், உறவு எவ்வளவு நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம், இதுவரை குழந்தையோடு இருந்த பழக்கம். குழந்தை விவரம் தெரிந்த வயதாக இருந்தால் அதன் விருப்பம். இந்தக் கடைசி விஷயத்துக்குச் சட்டத்தில் குறிப்பிட்ட வயது எதுவும் கிடையாது. 7 வயதுக் குழந்தையையும் நீதிபதி சேம்பருக்குள் கூப்பிட்டுப் பேசுவார்.

அந்தச் சேம்பர் பேச்சைப் பற்றி இரண்டு சம்பவம். ஒரு வழக்கில் நான் சித்திக்காக ஆஜர். அப்பா மறுமணம் செய்துகொண்டவர். 8 வயதுப் பெண் உள்ளே போனாள். யார் வீட்டில் இருக்கப் பிடிக்கும் என்று நீதிபதி நேரடியாகக் கேட்கவில்லை. காலையில் யார் தலை பின்னிவிட்டது என்று கேட்டார். ‘சித்தி.’ ‘எந்தச் சித்தி?’ நம் மொழியில் இது ஒரு சங்கடம், அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பா கட்டிக்கொண்டு வந்தவளும் சித்தி. ‘தெப்பக்குளம் சித்தி’ என்றாளாம் அவள், ‘அப்பா வீட்டுச் சித்திக்கு எனக்கு வலிக்காமப் பின்னத் தெரியாது, ஆனா ஐஸ் வாங்கித் தருவாங்க.’ நீதிபதி இதை அப்படியே உத்தரவில் எழுதியிருந்தார். பொய் சொல்லத் தெரியாத குழந்தை என்றும் எழுதினார். பொறுப்பு சித்திக்கு, மாதம் இரண்டு சனி ஞாயிறு அப்பாவுக்கு.

இன்னொரு வழக்கில், அதுவும் நான் ஆஜரான சித்தி தரப்புதான், 9 வயதுப் பையன் உள்ளே போய் ‘எனக்கு என் சித்தியின் பராமரிப்பே உகந்தது’ என்றான். பராமரிப்பு என்றால் என்ன தம்பி என்று கேட்டார் நீதிபதி. பையன் கதவைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் தோற்றது அந்த ஒரு வாக்கியத்தால் மட்டும் இல்லை, ஆனால் வழக்கு அன்றைக்கே சரிய ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். கோர்ட்டுக்கு எதற்குப் போகிறோம் என்று மட்டும் அதன் வயதுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.

ஆதாரம் என்றவுடன் பெரிதாக எதையும் தேட வேண்டாம். பள்ளிக்கட்டண ரசீது, ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் யார் கையெழுத்து, தடுப்பூசி அட்டை, காய்ச்சலுக்குப் போன கிளினிக் சீட்டு, பள்ளியிலிருந்து உங்கள் போனுக்கு வந்த செய்திகள். ஒரு பாட்டி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது மஞ்சள் பை நிறைய மருந்துச் சீட்டு, தேதிவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. பேத்திக்கு இழுப்பு இருந்தது. நெபுலைசர் வைத்த ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு சீட்டு இருந்தது. அந்தப் பையைத் தாண்டி எதிர்த்தரப்பால் வர முடியவில்லை. உங்கள் அக்கா கடைசி நாட்களில் ‘பிள்ளையைப் பார்த்துக்கோ’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாலும் அதை அழிக்காதீர்கள். இறந்த தாயின் விருப்பத்தையும் பார்க்கச் சட்டமே சொல்கிறது. சாட்சிக்கு உறவுக்காரர்களைவிட வகுப்பு டீச்சர் நல்லது.

இப்போது ஒரு எச்சரிக்கை. அத்தான் மாதாமாதம் வந்து பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடுக்காதீர்கள். அவர் வருகிற அன்றைக்குக் குழந்தையை வேறு உறவினர் வீட்டுக்கு அனுப்புவது, போனை எடுக்காமல் விடுவது, ஊர் மாறுவது எல்லாம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். இன்றைய தேதியில் சட்டப்படி பாதுகாவலர் அவர்தான். அவர் அனுமதியில்லாமல் குழந்தையைக் கண் காணாமல் கொண்டுபோனால், பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 137-வது பிரிவில் கடத்தல் என்று புகார் கொடுக்க அவருக்கு வழியுண்டு. இதையே திருப்பிப் பாருங்கள். நாளைக்கு அவர் வந்து கூட்டிக்கொண்டு போனால் போலீஸ் உங்களுக்கு உதவாது. ‘அப்பாதானே கூட்டிட்டுப் போனாரு’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான், மனு போடுவதாக இருந்தால் குழந்தை உங்களிடம் இருக்கும்போதே போடுங்கள் என்கிறேன். கூடவே 1890-ம் வருடச் சட்டத்தின் 12-வது பிரிவில் ஒரு இடைக்கால மனுவும் போடலாம், ஐ.ஏ. என்பார்கள். வழக்கு முடிகிறவரை குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அப்பா இன்ன நாளில் இன்ன நேரத்தில் பார்க்கட்டும் என்று உத்தரவு வாங்கலாம். பார்ப்பதற்கான ஏற்பாட்டை நீங்களே மனுவில் எழுதிக் கொடுத்தால் நீதிபதி உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

எந்தக் கோர்ட் என்பதில் உங்களுக்கு அதிர்ஷ்டம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அங்கேதான் மனு. அதனால் நீங்கள் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை, உங்கள் மாவட்டக் குடும்ப நீதிமன்றத்திலேயே போடலாம். நோட்டீஸ் போகும், அவர் எதிருரை போடுவார், கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள், அங்கே ஒத்துவரவில்லை என்றால் சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா. எதிர்ப்பில்லாத மனு என்றால் சில மாதத்தில் முடியும். எதிர்ப்போடு என்றால் ஒன்று, ஒன்றரை வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கூடலாம். செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

பணம், நகை, வீடு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததால்தான் சந்தேகப்படுகிறேன், ஏதாவது இருக்கும். அக்கா பெயரில் இன்ஷூரன்ஸோ பி.எஃப். பணமோ மனையோ இருந்தால், ‘சொத்துக்காகத்தான் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்’ என்ற வரி எதிருரையில் வந்தே தீரும். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து முதலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். பெண்ணுக்குத் தன் தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்தாக இருந்தாலும், பிள்ளை இருக்கிற பட்சத்தில் இதேதான். ஆக உங்கள் அக்கா சொத்தில் அத்தானுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. மகளின் பாதியை அத்தானே விற்க நினைத்தாலும் கோர்ட் அனுமதி வேண்டும். உங்களைச் சொத்துக்குப் பாதுகாவலராக நியமித்தாலும் அதே கதைதான், அனுமதியில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, கோர்ட் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். சொத்துக்கான மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் என்பதையும் கவனியுங்கள், குடும்ப நீதிமன்றம் பார்ப்பது ஆளுக்கான பொறுப்பை. எதற்கு வம்பு, என்னென்ன இருக்கிறது என்று நீங்களே முதல் மனுவில் பட்டியல் போட்டு, குழந்தைக்கு 18 வயது ஆகிறவரை அவள் பங்குப் பணத்தை டெபாசிட்டில் போட்டு வைக்கக் கேளுங்கள். எதிர்த்தரப்பின் பாதி வாதம் அங்கேயே போய்விடும். கோர்ட் பாதுகாவலர் போட்டால் 21 வயதுவரை மைனர் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 1999-ல் அது மாறிவிட்டது, 18தான்.

பெற்றோர் இருவருமே இல்லாத குழந்தையாக இருந்தால் 19-வது பிரிவின் தடை கிடையாது, வழி சுலபம். போட்டி வருவது அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு பக்கத்து உறவினர்களுக்கு நடுவில்தான். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில் வருமான வரம்புக்கு உட்பட்டு மாதம் 4,000 உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும்.

இதே மாதிரி கேள்வியோடு இதைப் படிக்கும் தாய்மாமன்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா மகள் முறைப்பெண் என்கிற வழக்கம் உள்ள ஊர் நம்முடையது. கல்யாணமாகாத இளவயது மாமா தனியாக மனு போட்டால் நீதிபதி மனதில் எழும் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஆனால் அது அங்கேதான் இருக்கும். பாட்டி திடமாக இருந்தால் பாட்டி பெயரிலேயே போடுவது நல்லது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் அத்தை மாமாக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோர்ட் நியமித்த பாதுகாவலர், அந்தக் கோர்ட்டின் எல்லையைத் தாண்டிக் குழந்தையைக் கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். துபாய்க்கு டிக்கெட் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் மனு இதே 1890-ம் வருடச் சட்டத்தில்தான். முஸ்லிம் சட்டத்தில் தாய்க்குப் பிறகு குழந்தையை வளர்க்கும் உரிமை வரிசையில் தாய் வழிப் பாட்டிக்கும் பிறகு சாச்சி, பெரியம்மாவுக்கும் இடம் இருக்கிறது என்பது கூடுதல் பலம்.

தத்து பற்றி. அத்தான் மனதார ஒத்துக்கொண்டால் அதுவும் ஒரு வழி. அம்மா இல்லாததால் அவர் ஒருவரே தத்துக் கொடுக்கலாம். இந்துச் சட்டப்படி தத்தெடுத்தால், உங்களுக்கு ஏற்கெனவே மகள் இருந்தால் இன்னொரு பெண்ணைத் தத்தெடுக்க முடியாது. ஆண் தனியாகப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் 21 வயது வித்தியாசம் வேண்டும். 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்துக்குத் தனி வழி இருக்கிறது. சித்தி, பெரியம்மா, அத்தை, மாமா, பெரியப்பா, சித்தப்பா, தாத்தா, பாட்டி எல்லாருமே அதில் உறவினர். 2022 செப்டம்பரிலிருந்து அந்த உத்தரவைக் கலெக்டரே பிறப்பிக்கிறார். ஆனால் நான் உங்களுக்கு இப்போதைக்கு இதைச் சொல்லமாட்டேன். மாதாமாதம் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து பார்க்கிற ஒரு அப்பாவிடம் போய் ‘இனிமேல் நீ அப்பா இல்லை என்று எழுதிக் கொடு’ என்றால், இன்றைக்கு இருக்கிற சுமுகமும் போய்விடும்.

நீங்கள் எந்த வக்கீலையும் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, அத்தானோடு உட்கார்ந்து பேசுவது. அவரைப் பெற்றவர்களில் யாராவது இருந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவருக்கும் ஒருவேளை குழந்தை உங்களிடம் இருப்பதுதான் நிம்மதியாக இருக்கும், ஊர் என்ன சொல்லும் என்பதுதான் உறுத்தும். ‘பிள்ளையை உங்களிடமிருந்து பிரிக்கவில்லை, பள்ளிக்கும் பேங்குக்கும் பேப்பர் வேண்டும்’ என்று ஆரம்பியுங்கள், உண்மையும் அதுதானே. அவர் ஒத்துக்கொண்டால், அவர் சம்மதப் பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு, லீவுக்கு எத்தனை நாள் அவர் வீட்டில் என்பது வரை எழுதி உத்தரவு வாங்கிவிடலாம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது உங்களைப் பாதுகாவலர் ஆக்காது. ஆனால் அவர் சம்மதித்தார் என்பதற்குப் பிற்பாடு ஆதாரமாக உதவும், அந்த அளவுக்கு எழுதி வாங்கலாம்.

பள்ளி விஷயத்துக்கு அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவரையும் கார்டியன் என்றே கணக்கில் எடுக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும் அதைச் சொல்லலாம். அக்காவின் இறப்புச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, உங்கள் ஆதார், அத்தானிடம் வாங்கிய ஒரு பக்கக் கடிதம், இந்த நான்கையும் வைத்துத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலையும் ஃபைலில் வையுங்கள், மனு போடும்போது அதுவும் ஒரு ஆவணம். பேங்குக்கு மட்டும் வழி இரண்டுதான். அத்தானையே காப்பாளராகப் போட்டு இப்போதே கணக்குத் தொடங்கலாம், இல்லையென்றால் கோர்ட் உத்தரவு வரும்வரை பொறுக்க வேண்டும். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பான் கார்டும் ஆதாரும் கொண்டுவரச் சொல்லுங்கள்.